அட்டவணையிலிருந்து அடுக்குக்குறி விதியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேர டியூஷன் நடத்தும் சகோதரி ஒருவர் கேட்ட கேள்வி இது: "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்து விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னால், எல்லோரும் அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்க்கிறார்கள். வித்தியாசம் சமமாக வராவிட்டால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். வகுத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த பிறகு எத்தனை மடங்கு என்பதைச் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் அட்டவணை பூச்சியத்தில் தொடங்காவிட்டால் விதி தப்பாகிவிடுகிறது. இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

இதில் இரண்டு சிக்கல்கள் இருப்பதுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கருத்து. அட்டவணையில் இரண்டு வரிசைகள் இருக்க, பிள்ளைகள் கீழ்வரிசையை மட்டும் படிக்கிறார்கள். விடை கீழே இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது; மேல்வரிசை வெறும் வரிசை எண் என்று கடந்துபோகிறார்கள். அடுக்குக்குறி விதியைப் பொறுத்தவரை மேல்வரிசையைப் படிக்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வருவதை இங்கே ப, ம என்று எழுதுகிறேன். ப என்பது படி, அதாவது மேல்வரிசை. ம என்பது மதிப்பு, அதாவது கீழ்வரிசை. '^' என்ற குறிக்குப் பின்னால் வருவது அடுக்கு. நாம் தேடும் விதியின் உருவம் இதுதான்:

ம = த × வ^ப

இதில் த என்பது படி பூச்சியமாக இருக்கும்போது உள்ள மதிப்பு. வ என்பது படி ஒன்று கூடும்போது மதிப்பு எத்தனை மடங்காகிறது என்பது. இந்த இரண்டு விளக்கங்களையும் பிள்ளைகளை உரக்கச் சொல்லவையுங்கள். த என்பதைச் சொல்லும்போதும் 'படி' வருகிறது, வ என்பதைச் சொல்லும்போதும் 'படி' வருகிறது. மேல்வரிசையைத் தொடாமல் இரண்டில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்பது அப்போதே அவர்களுக்கு விளங்கிவிடும்.

எளிய அட்டவணையிலிருந்து தொடங்கலாம்.

ப: 0, 1, 2, 3, 4
ம: 5, 15, 45, 135, 405

மேல்வரிசை ஒவ்வொன்றாகக் கூடுகிறது. கீழ்வரிசையில் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்தால் எல்லா இடத்திலும் 3 வருகிறது. பூச்சியப் படியில் 5 இருக்கிறது. ஆகவே விதி ம = 5 × 3^ப. இதில் பிள்ளைகள் செய்யும் ஒரே தவறு, 5 × 3 என்பதை முதலில் பெருக்கி 15^ப என்று எழுதிவிடுவது. ப = 2 என்று போட்டுப் பார்க்கச் சொன்னால் 15 × 15 = 225 வரும்; அட்டவணையில் இருப்பதோ 45. அடுக்கு வ என்பதற்கு மட்டுமே உரியது. த என்பது ஒரே ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது.

இந்த இடத்தில் கழித்துப் பார்க்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே உள்ள அட்டவணையைக் கழித்துப் பார்த்தால் 10, 30, 90, 270 என்று வருகிறது. வித்தியாசங்கள் சமமாக இல்லை, உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசங்களே மும்மடங்கு மும்மடங்காகப் போகின்றன. மறுபடி கழித்தால் 20, 60, 180; அதிலும் அதே மும்மடங்குதான். இது தற்செயல் அன்று. அடுத்த மதிப்பு த × வ^ப × வ; இப்போதைய மதிப்பு த × வ^ப; கழித்தால் த × (வ − 1) × வ^ப என்று வருகிறது. அதாவது, அடுக்குக்குறி அமைப்பை எத்தனை முறை கழித்தாலும் அதே வ உள்ள இன்னோர் அடுக்குக்குறி அமைப்புதான் கிடைக்கும். இருபடி அமைப்பில் இரண்டாவது வித்தியாசம் சமமாகிவிடும், முப்படி அமைப்பில் மூன்றாவது வித்தியாசம் சமமாகிவிடும். இதில் மட்டும் எத்தனை முறை கழித்தாலும் சமமாகவே ஆகாது. ஆகவே, கழித்துப் பார்த்த பிள்ளையிடம் "தப்பு" என்று சொல்வதற்குப் பதிலாக, "இந்த வித்தியாசங்களை ஒன்றையொன்று வகுத்துப் பார்" என்று சொல்வது நல்லது. அந்தப் பிள்ளை ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது. இதனால் வரும் பெரிய பயனைக் கீழே தேநீர்க் கணக்கில் பார்க்கலாம்.

ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை 1993இல் நிறுவிய கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், எண்களின் அமைப்பைப் பிள்ளைகள் தாங்களே தேடிக் காண்பதுதான் இயற்கணிதத்துக்குச் சரியான நுழைவாயில் என்பதை வலியுறுத்தி வந்தவர். நம் பகுதியிலேயே இருக்கும் அந்த இடத்துக்கு உங்கள் மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது சிக்கல்.

ப: 2, 3, 4, 5
ம: 18, 54, 162, 486

மடங்கு 3 என்று பிள்ளை சொல்லிவிடுகிறது; பிறகு முதலில் கண்ணில் படும் 18 என்பதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு ம = 18 × 3^ப என்று எழுதுகிறது. ப = 2 என்று போட்டால் 162 வருகிறது; அட்டவணையிலோ அது ப = 4 என்பதற்கு உரிய மதிப்பு. சரியாக இரண்டு படி தள்ளிப்போயிருக்கிறது, ஏனென்றால் அட்டவணை இரண்டு படி தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. இதைத் திருத்த வழி, பின்னால் நடப்பது. முன்னால் போகும்போது 3ஆல் பெருக்குகிறோம் என்றால் பின்னால் வரும்போது 3ஆல் வகுக்க வேண்டும். ப = 1இல் 6, ப = 0இல் 2. விதி ம = 2 × 3^ப. அட்டவணைக்கு இடப்பக்கத்தில் இரண்டு காலிக் கட்டங்களைப் பென்சிலால் வரையச் செய்து, அவற்றை நிரப்பிய பிறகுதான் விதியை எழுத வேண்டும் என்று ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிட்டால் இந்தத் தவறு பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரு பிள்ளை ம = 18 × 3^(ப − 2) என்று எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். அதுவும் இதே விதிதான். 18ஐ 3^2ஆல் வகுத்தால் 2. பெருக்குத் தொடர்வரிசையின் பொது உறுப்பில் அடுக்கு ஒன்று குறைவாக வருவதும் இதே காரணத்தால்தான்: அங்கே எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்காமல் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. தொடர்வரிசைப் பாடத்தையும் சார்புப் பாடத்தையும் தனித்தனியாகப் படிக்கும் பிள்ளைகள் இந்தத் தொடர்பைத் தாங்களாகக் காண்பதில்லை. சொல்லிக் காட்ட வேண்டியிருக்கிறது.

குறைந்துகொண்டே போகும் அட்டவணைக்கு வடசென்னையில் கேரம் போட்டியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. மன்றத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். 64 பேர் பெயர் கொடுத்த நாக் அவுட் போட்டியில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மீதமிருப்பவர்கள் 64, 32, 16, 8, 4, 2, 1. விதி ம = 64 × (1/2)^ப. குறைகிறது என்றால் கழிக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு, பெருக்கியே குறைக்கவும் முடியும், அதற்கு வ ஒன்றைவிடச் சிறியதாக இருந்தால் போதும் என்பது இதில் தெளிவாகும்.

ஆனால் பெயர் கொடுத்தவர்கள் 50 பேர் மட்டுமே என்றால் என்ன ஆகும்? முதல் சுற்றில் 14 பேருக்கு 'பை' (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு) கொடுப்பார்கள். மீதி 36 பேர் 18 ஆட்டங்கள் ஆட, வென்ற 18 பேரும் பை பெற்ற 14 பேரும் சேர்ந்து 32 பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அட்டவணை 50, 32, 16, 8, 4, 2, 1 என்று ஆகிறது. முதல் மடங்கு 0.64, மற்ற எல்லாம் 0.5. இப்போது பிள்ளைகள் குழம்புவார்கள். அந்தக் குழப்பம் நல்லது. ப = 1 முதல் விதி சீராக இருக்கிறது; அங்கிருந்து பின்னால் நடந்தால் ப = 0இல் 64 கிடைக்கிறது. ஆகவே ப ஒன்றோ அதற்கு மேலோ இருக்கும்போது விதி ம = 64 × (1/2)^ப. போட்டிக்கு 64 பேர் வரவே இல்லை. ஆனாலும் விதியில் 64தான் நிற்கிறது. அட்டவணையின் முதல் கட்டத்தில் அச்சாகியிருக்கும் எண்ணும் விதியின் த என்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. விதி ப = 6 வரை மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லுங்கள்; ஏழாவது சுற்றில் அரை ஆட்டக்காரர் என்று யாரும் இல்லை.

அடுத்து, மேல்வரிசை ஒவ்வொன்றாகக் கூடாத அட்டவணைகள். தேர்வில் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

ப: 0, 3, 6, 9
ம: 7, 56, 448, 3584

வகுத்தால் எல்லா இடத்திலும் 8 வருகிறது. உடனே ம = 7 × 8^ப என்று எழுதிவிடுவார்கள். 8 மடங்கு என்பது உண்மைதான், ஆனால் எத்தனை படிக்கு? மூன்று படிக்கு. ஒரு படிக்கு வ மடங்கு என்றால் மூன்று படிக்கு வ × வ × வ மடங்கு; அது 8 என்றால் வ = 2. விதி ம = 7 × 2^ப. இங்கே 8ஐ 3ஆல் வகுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. கூட்டல் அமைப்பில் மூன்று படிக்கு 24 கூடினால் ஒரு படிக்கு 8 என்று வகுப்பது சரி. பெருக்கல் அமைப்பில் வகுப்பதற்குப் பதில் மூலம் காண வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகத் தனியாக ஒரு வகுப்பே ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன்.

இடைவெளிகள் சமமாக இல்லாவிட்டாலும் இதே முறைதான்.

ப: 1, 3, 4, 7
ம: 12, 48, 96, 768

கீழ்வரிசையை மட்டும் வகுத்தால் 4, 2, 8 என்று வரும்; இது அடுக்குக்குறி அமைப்பே அன்று என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். மேல்வரிசையில் இடைவெளிகள் 2, 1, 3. இரண்டு படிக்கு 4, ஒரு படிக்கு 2, மூன்று படிக்கு 8: மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன, வ = 2. ப = 1இல் 12 என்பதால் ப = 0இல் 6. விதி ம = 6 × 2^ப. இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு மேலே "எத்தனை படி", கீழே "எத்தனை மடங்கு" என்று ஒவ்வோர் இடைவெளியிலும் எழுதவையுங்கள்.

சதவீதக் கணக்குகளில் வ என்ன என்பதே மறைந்திருக்கும். நம் பகுதியில் கடன் வாங்காத குடும்பம் குறைவு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பதை 'மூணு வட்டி' என்று பிள்ளைகள் வீட்டில் கேட்டே வளர்கிறார்கள். 10,000 ரூபாய்க்கு மூணு வட்டி, கட்டாத வட்டி அசலோடு சேர்கிறது என்றால், மாதக் கடைசி நிலுவை 10,000, 10,300, 10,609, 10,927.27 என்று போகும். வ என்பது 3 அன்று, 0.03 அன்று, 1.3உம் அன்று, 1.03. பழைய நிலுவை முழுதும் இருக்கிறது, அது 1, அதன்மேல் 0.03 சேர்கிறது. வட்டி அசலோடு சேராத தனிவட்டி என்றால் 10,000, 10,300, 10,600, 10,900 என்று மாதந்தோறும் 300 கூடும். முதல் இரண்டு எண்களைப் பார்த்தால் இரண்டு அட்டவணைகளும் ஒன்றே. ஓராண்டு முடிவில் தனிவட்டியில் 13,600, கூட்டு வட்டியில் 10,000 × 1.03^12, அதாவது ஏறத்தாழ 14,258. இரண்டு எண்களை மட்டும் வைத்து நேர்கோடா அடுக்குக்குறியா என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை இந்தக் கணக்கிலேயே காட்டிவிடலாம்.

நான்கைந்து எண்கள் இருந்தாலும் எச்சரிக்கை தேவைப்படும் இடம் உண்டு. ஒரு வட்டத்தின் மேல் சில புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணைத்தால், வட்டத்தின் உட்பகுதி அதிகபட்சம் எத்தனை துண்டுகளாகும்? 1, 2, 3, 4, 5 புள்ளிகளுக்கு 1, 2, 4, 8, 16. ஆறு புள்ளிகளுக்கு 32 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வரைந்து எண்ணினால் 31. மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி புள்ளிகளை வைத்துப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். அட்டவணை ஒரு விதிக்குப் பொருந்துகிறது என்பது வேறு, அந்த விதிதான் உண்மை என்பது வேறு. சுற்றுக்குச் சுற்று பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள், நிலுவையின்மேல் வட்டி ஏறுகிறது என்பதுபோல, மடங்காவதற்கு ஒரு காரணம் தெரிந்தால்தான் விதியை நம்பி அட்டவணைக்கு வெளியே போகலாம்.

இனி தேநீர்க் கணக்கு. கடையில் வாங்கிய தேநீரை மேசைமேல் வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டு, இப்படி ஓர் அட்டவணையைக் கொடுங்கள். ஒரு படி என்பது ஐந்து நிமிடம்.

ப: 0, 1, 2, 3
ம: 90, 78, 68.4, 60.72

வகுத்தால் 0.867, 0.877, 0.888 என்று மடங்கு நகர்ந்துகொண்டே போகிறது. வகுக்க மட்டுமே தெரிந்த பிள்ளை இங்கே கைவிட்டுவிடும். கழிக்கத் தெரிந்த பிள்ளையோ −12, −9.6, −7.68 என்று எழுதி, அவற்றை வகுத்து, எல்லா இடத்திலும் 0.8 என்று கண்டுவிடும். சூடு ஆறும் பொருளின் வெப்பநிலை பூச்சியத்தை நோக்கி அல்ல, சுற்றுப்புற வெப்பநிலையை நோக்கியே இறங்குகிறது. மடங்காகக் குறைவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்பது நியூட்டனின் குளிர்தல் விதி. ஆகவே விதியின் உருவம் ம = த × வ^ப + க என்று மாறுகிறது. இங்கே க என்பது சுற்றுப்புற வெப்பநிலை; த என்பது தொடக்கத்தில் தேநீர் அதைவிட எவ்வளவு அதிகமாக இருந்தது என்பது. கழிக்கும்போது க அடிபட்டுப்போவதால்தான் வித்தியாசங்களில் அமைப்பு தெளிவாகத் தெரிகிறது. முதல் வித்தியாசம் த × (வ − 1) என்று மேலே பார்த்தோம், −12ஐ −0.2ஆல் வகுத்தால் த = 60. தொடக்கம் 90 என்பதால் க = 30. விதி ம = 60 × 0.8^ப + 30. அந்த 30 டிகிரி, கடைக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலை. தேநீரை மட்டுமே அளந்து அறையின் வெப்பத்தைச் சொல்லிவிட்டோம்.

கடைசியாக, மடங்கு துல்லியமாகச் சமமாக வராத உண்மையான தரவு ஒன்றாவது கொடுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகை, கோடியில்:

1951: 36.1
1961: 43.9
1971: 54.8
1981: 68.3
1991: 84.6
2001: 102.9
2011: 121.1

பத்தாண்டு மடங்குகள் ஏறத்தாழ 1.22, 1.25, 1.25, 1.24, 1.22, 1.18. இதில் 1961 முதல் 1991 வரை மடங்கு கிட்டத்தட்ட மாறவில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு விதி எழுதலாம். 84.6ஐ 43.9ஆல் வகுத்தால் 1.927; இது மூன்று பத்தாண்டுக்கு உரியது; மூன்றாம் மூலம் ஏறத்தாழ 1.244. ஆண்டுக்கு எவ்வளவு என்றால் 24.4ஐப் பத்தால் வகுத்து 2.44 சதவீதம் என்று சொல்லக் கூடாது, 1.244இன் பத்தாம் மூலம் ஏறத்தாழ 1.022, அதாவது ஆண்டுக்கு 2.2 சதவீதம். பதினொன்றாம் வகுப்பில் மடக்கை படித்த பிள்ளைகள் மதிப்புகளின் மடக்கையை ஆண்டுக்கு எதிராக வரைபடத்தில் குறித்தால், 1961 முதல் 1991 வரையான நான்கு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் நிற்பதையும் அதன்பிறகு கோடு வளைந்து தாழ்வதையும் கண்ணால் காண்பார்கள். அதே விதியை 2011 வரை நீட்டினால் 84.6 × 1.244 × 1.244 என்று ஏறத்தாழ 131 கோடி வர வேண்டும். கணக்கெடுப்பில் வந்ததோ 121. அந்தப் பத்துக் கோடி எங்கே போனது என்று வகுப்பில் கேளுங்கள். பிறப்பு வீதம் குறைந்தது என்ற விடையைப் பிள்ளைகளே சொல்வார்கள். தங்கள் பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள், அம்மாவுக்கு எத்தனை என்பது அவர்களுக்குத் தெரியும்.